வாக்குச்சீட்டு தீர்ப்புச்சீட்டு அல்ல

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு வீரர் பெறக்கூடிய மிக உயர்ந்த தனிநபர் விருது ஹைஸ்மன் கோப்பை. 2010 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கில் அது ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனுக்கு வழங்கப்பட்டது. வாக்களித்த 886 பேரில் 729 பேர் அவரை முதலிடத்தில் வைத்திருந்தார்கள். இரண்டாமிடம் பெற்ற ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரூ லக் 1,079 புள்ளிகள் பெற்றார். நியூட்டன் பெற்றவை 2,263. இவ்வளவு பெரிய வெற்றியிலும் ஒரு கணக்கு உறுத்துகிறது. ஒவ்வொரு சீட்டிலும் மூன்று பெயர்கள் எழுத இடமுண்டு. 105 சீட்டுகளில் மூன்றாவது இடத்தில்கூட நியூட்டனின் பெயர் இல்லை.

ஆட்டத்தில் குறை கண்டு விடப்பட்ட பெயர் என்று இதைக் கொள்ள முடியாது. நாட்டின் தலைசிறந்த மூவரில் ஒருவராகவும் அவர் தேறவில்லை என்று அந்தப் பருவத்தைப் பார்த்த எவரும் நேர்மையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு பல்கலைக்கழகத்திடம் தந்தை பணம் கேட்டார் என்ற செய்தியை முன்னிட்டு மகனுக்கு வாக்களிக்கப் போவதில்லை எனச் சிலர் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். வேறு பலரும் அதே காரணத்தால்தான் பெயரை விட்டிருப்பார்கள் என்று கருத இடமிருக்கிறது. புகாரின் நிழல் விழுந்த ஓர் இளைஞரை இந்த விருதுக்குப் பரிசீலிக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் 2010 முன்னுதாரணமாக நினைவுகூரப்படுகிறது. ஆகவே எங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நியூட்டன் அந்த விருதுக்கு முழுத் தகுதி உடையவர். நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக அவர் பெயரை விட்டவர்கள் தங்களுக்கு இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுத்தார்கள்.

முதலில் ஆட்டம். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் தாக்குதலின் மூளையும் கையும் ஆவார். பெரும்பாலான நகர்வுகளில் பந்து முதலில் அவரிடம் வருகிறது. எறிவதா, கொடுப்பதா, தானே ஏந்தி ஓடுவதா என்று ஓரிரு விநாடிகளில் அவர் முடிவெடுக்க வேண்டும். எறிவதில் வல்லவர்கள் உண்டு, ஓடுவதில் வல்லவர்களும் உண்டு. நியூட்டன் அந்தப் பருவத்தில் 2,854 யார்டு எறிந்து 30 டச்டவுன்களுக்கு, அதாவது பந்து எதிரணியின் கோட்டைக் கடந்து புள்ளி பெறும் தருணங்களுக்கு, வழிசெய்தார். 1,473 யார்டு ஓடி 20 டச்டவுன்களைத் தானே அடித்தார். ஆபர்ன் 14 ஆட்டங்கள் ஆடி 14-லும் வென்றது. 2011 ஜனவரி 10 அன்று அரிசோனாவில் ஆரெகனை 22–19 என வீழ்த்தி, 1957-க்குப் பிறகு முதன்முறையாகத் தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த இறுதி ஆட்டம் விருதுக்குப் பின் நடந்தது. ஆனால் அது இல்லாமலேயே கணக்கு முடிந்திருந்தது.

நவம்பர் 26-ஆம் தேதி டஸ்கலூசாவில், பரம வைரியான அலபாமாவின் சொந்த அரங்கில் ஆபர்ன் ஆடியது. புகார் வெளியாகி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஆட்டத்துக்கு முன் அரங்கின் ஒலிபெருக்கியிலேயே பணத்தோடு ஓடுவது பற்றிய பாட்டைப் போட்டார்கள். போதகரின் மகனைப் பற்றிய மற்றொரு பாட்டும் ஒலித்தது. நியூட்டனின் தந்தை ஜார்ஜியாவில் ஒரு சபையின் போதகர். ஒரு மாணவனைப் பல்லாயிரம் பேர் முன்னிலையில், அவனுடைய தகப்பனைச் சொல்லி அவமதிக்கும் வேலையைக் கல்வி நிறுவனம் ஒன்றின் ஒலிபெருக்கியே செய்தது. ஆட்டம் தொடங்கியதும் அலபாமா 24–0 என முன்னேறியது. அங்கிருந்து ஆபர்ன் 28–27 என வென்றது. ஆபர்ன் அடித்த நான்கு டச்டவுன்களில் மூன்று நியூட்டன் எறிந்தவை. நான்காவது அவரே ஏந்திச் சென்றது. 21 வயதில் அப்படியொரு பிற்பகலை அப்படிக் கடந்தவரைப் பற்றித்தான் சிலர் மூன்றாம் இடத்துக்கும் ஆகாதவர் என்று எழுதினார்கள்.

அவர் குற்றமே செய்யாதவர் என்று நாங்கள் வாதிடவில்லை. 2008 நவம்பரில், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, இன்னொரு மாணவருடைய திருட்டுப்போன மடிக்கணினியை வைத்திருந்ததற்காக அவர் கைது செய்யப்பட்டார். போலீசார் வந்தபோது அதை விடுதி ஜன்னல் வழியே வெளியே எறிந்ததாகவும் பதிவாகியுள்ளது. அது அவரே பதில் சொல்ல வேண்டிய செயல். அவர் பதில் சொல்லவும் செய்தார். முதல் குற்றவாளிகளுக்கான திருத்தத் திட்டத்தை முடித்த பின் வழக்கு கைவிடப்பட்டது. ஃபுளோரிடாவை விட்டு விலகி, டெக்சாஸின் பிரெனமில் உள்ள பிளின் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஓர் ஆண்டு ஆடினார். அந்தச் சிறு கல்லூரிக்குத் தேசியப் பட்டம் பெற்றுத் தந்த பிறகே ஆபர்னுக்கு வந்தார். தவறு செய்த மாணவன் சட்டம் சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பி வந்தால், அவனை மறுபடி சேர்த்துக்கொள்வதற்காகத்தான் அப்படிப்பட்ட திட்டங்களே இருக்கின்றன. இரண்டாண்டுக்கு முன் தீர்ந்த கணக்கை டிசம்பர் மாதத்து வாக்குச்சீட்டில் மீண்டும் திறப்பது நீதியாகாது.

உண்மையான விவகாரம் தந்தையைப் பற்றியது. மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நியூட்டன் சேர வேண்டுமானால் 180,000 டாலர் தர வேண்டும் என்று, அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர் ஒருவர் வழியாகப் பேரம் பேசப்பட்டதாக 2010 நவம்பர் தொடக்கத்தில் செய்தி வந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ விசாரித்தது. தந்தையும் அந்த முன்னாள் வீரரும் பணம் கேட்டது உண்மை என்று முடிவு செய்தது. மகனுக்கோ ஆபர்னுக்கோ இது தெரிந்திருந்ததற்குச் சான்று இல்லை என்றும் அதே சங்கம் சொன்னது. நவம்பர் 30 அன்று ஆபர்ன் அவரைத் தகுதியற்றவர் என அறிவித்தது. மறுநாளே என்சிஏஏ தகுதியைத் திருப்பித் தந்தது. ஆபர்ன் மீதான விசாரணை மேலும் பல மாதங்கள் நீண்டு, 2011 அக்டோபரில் பெரிய விதிமீறல் எதுவும் கண்டறியப்படாமல் முடிந்தது.

தந்தை செய்தது தவறு. பணம் என்பதால் மட்டும் அதைச் சொல்லவில்லை. மகனுடைய உழைப்பை விலை பேசியவர், விவகாரம் வெடித்தால் விலை கொடுக்கப் போவது மகன்தான் என்பதை அறிந்திருக்க வேண்டும். விருது விழாவுக்கு அவர் வரவில்லை. தாய் மட்டும் வந்திருந்தார். ஆனால் தகப்பன் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கும் வழக்கத்தை நாகரிகமடைந்த எந்தச் சட்டமும் ஏற்பதில்லை. தகப்பனுக்காக மகனுடைய ஆட்டத்தைக் கணக்கில் எடுக்க மறுத்தவர்கள், வேறு எந்த மேடையிலும் தாங்களே ஆதரிக்க மாட்டாத ஒரு நியாயத்தை இங்கே கடைப்பிடித்தார்கள்.

என்சிஏஏவின் வேகத்தைப் பாராட்டவும் எங்களால் முடியவில்லை. டிசம்பர் 1 அன்று தீர்ப்பு. டிசம்பர் 4 அன்று ஆபர்னின் பிராந்திய இறுதி ஆட்டம். முடிவு சரியானது. ஆனால் ஆட்ட நாளை முன்னிட்டு நீதி அவசரப்பட்டது என்ற ஐயத்துக்கு அது இடம் கொடுத்தது. அதே மாதத்தில் ஒஹாயோ ஸ்டேட் வீரர்கள் ஐவர், தாங்கள் வென்ற நினைவுப் பொருள்களை விற்றதற்காக ஐந்து ஆட்டத் தடைக்கு ஆளானார்கள். அந்தத் தடை அடுத்த பருவத்தில் தொடங்கும் என்றும், ஜனவரி முதல் வாரத்தில் நடக்கவிருந்த ஷுகர் பவுல் ஆட்டத்தில் அவர்கள் ஆடலாம் என்றும் சங்கம் சொன்னது. கொள்கைக்காகத் தண்டிப்பதாகச் சொல்லும் அமைப்பு, வசூல் மிகுந்த ஆட்டத்தை மட்டும் தண்டனைக்கு வெளியே வைத்தால் பொதுமக்கள் எதை நம்புவார்கள்? வாக்காளர்கள் சிலருக்கு அந்தச் சங்கத்தின் சொல்லில் நம்பிக்கை போனதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை இல்லை என்பது, அவரவர் தனித்தனியே தீர்ப்பு எழுதிக்கொள்வதற்கான உரிமையாகிவிடாது.

வாக்காளர்களுடைய தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை நியாயமாக எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன்புதான், 2010 செப்டம்பரில், 2005-ஆம் ஆண்டு இந்த விருதை வென்ற தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ் அதைத் துறக்க நேர்ந்தது. முகவர்களாக வர விரும்பியவர்கள் அவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் பணமும் வீட்டு வசதியும் கொடுத்திருந்ததாக என்சிஏஏ முடிவு செய்தது. விருது வரலாற்றில் 2005 என்ற இடம் காலியாக விடப்பட்டது. அப்படி இன்னொரு கோப்பையும் திரும்பி வந்துவிடுமோ என்று வாக்காளர்கள் கலங்கினார்கள். ஆட்டத்தில் சிறந்தவர் நடத்தையிலும் நேர்மையானவராக இருக்க வேண்டும் என்று விருதின் நோக்க உரையே சொல்வதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இந்த வாதத்துக்கு எங்கள் பதில் இது. வேட்பாளர் என்சிஏஏ விதிகளின்படி தகுதியுடையவராக இருக்க வேண்டும் என்பது வாக்காளருக்குத் தரப்பட்ட நிபந்தனை. டிசம்பர் முதல் வாரத்தில் நியூட்டன் தகுதியுடையவராக இருந்தார். அதற்கு அப்பால் நடத்தையை எடைபோட வாக்காளருக்கு இடமுண்டு என்றே கொள்வோம். அப்போதும் எடைபோட வேண்டியது, அந்த இளைஞர் செய்ததாகத் தெரிந்த செயலை. அவர் செய்திருக்கக்கூடும் என்று ஊகிப்பதை எடைபோட முடியாது. நாளை விருது பறிபோனால் நம் பெயர் கெடுமே என்ற கவலை வாக்காளரின் நலன் சார்ந்தது. அதில் நேர்மைக்குச் சம்பந்தமே இல்லை. பின்னால் ஒரு சான்று வெளிவந்திருந்தால் கோப்பையைத் திரும்பக் கேட்க விருது அறக்கட்டளைக்கு வழி இருந்தது, செப்டம்பரில் அது நடந்தும் இருந்தது. ஆனால் குற்றமற்றவருக்கு மறுக்கப்பட்ட பருவத்தைத் திருப்பித் தர யாருக்கும் வழி இல்லை.

கேள்வி இன்னும் ஆழமானது. எந்த விதியை மீறியதாக நியூட்டன், புஷ் குடும்பங்கள் குற்றம் சாட்டப்பட்டன? வீரர் தன் ஆட்டத்துக்காக ஒரு காசும் பெறக்கூடாது என்ற விதியை. அந்த விதி யாரைக் காத்தது என்று பாருங்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. கிரீன், தான் அணிந்த ஒரு சட்டையை 1,000 டாலருக்கு விற்றதற்காக அதே 2010-இல் நான்கு ஆட்டங்கள் தடை செய்யப்பட்டார். அவருடைய எண்ணைத் தாங்கிய சட்டைகளைக் கடைகளில் விற்பதற்குத் தடை இல்லை. அந்த வருமானத்தில் அவருக்குப் பங்கும் இல்லை. ஆபர்னிலும் அதே நிலைதான். தலைமைப் பயிற்சியாளர் ஜீன் சிசிக்குக்கு, நியூட்டன் வென்று கொடுத்த பட்டத்துக்குப் பிறகு, ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் டாலர் என ஊதியம் உயர்ந்தது. நியூட்டன் போன இரண்டாம் ஆண்டில், 2012-இல், அணி மூன்று ஆட்டங்களில் மட்டும் வென்று ஒன்பதில் தோற்றது. பயிற்சியாளரை வெளியேற்றினார்கள். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 75 லட்சம் டாலர். வேலையை விட்டுப் போவதற்காக ஒருவருக்குக் கிடைத்த பணம், அந்தப் பேரத்தில் அடிபட்ட 180,000 டாலரைப் போல் நாற்பது மடங்குக்கும் மேல். வென்று கொடுத்தவருக்குச் சட்டப்படி கிடைத்தது கல்விக் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும்.

விருதுக்குப் பெயர் தந்த மனிதரின் வாழ்க்கையே இந்த விதியின் மேல் வெளிச்சம் போடுகிறது. ஜான் ஹைஸ்மன் 1895 முதல் 1899 வரை ஆபர்னில் பயிற்சியாளராக இருந்தவர். பிறகு ஜார்ஜியா டெக்குக்குப் போனார். 1916 அக்டோபர் 7 அன்று அவருடைய அணி கம்பர்லாந்து கல்லூரியை 222–0 என்று தோற்கடித்தது. கல்லூரிக் கால்பந்தில் இன்றுவரை முறியடிக்கப்படாத கணக்கு அது. அந்த ஆண்டு பேஸ்பால் ஆட்டத்தில் கம்பர்லாந்து கூலிக்கு ஆள் பிடித்துத் தன் அணியை 22–0 எனத் தோற்கடித்ததாக ஹைஸ்மன் நம்பினார், அதற்குப் பழிதீர்க்கவே ஆட்டத்தை நிறுத்தாமல் நடத்தினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அது எப்படியானாலும், கல்லூரி ஆட்டத்தில் பணம் புகுந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. பணம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். யார் கைக்கு அது போகக்கூடாது என்பதில்தான் விதி கண்டிப்பாக இருந்தது.

அந்த விதி இப்போது இடிந்து விழுந்துவிட்டது. 2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்சிஏஏ விதித்த வரம்புகள் போட்டிச் சட்டத்துக்கு விரோதமானவை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. தொழிலாளருக்கு நியாயமான கூலி தரமாட்டோம் என்று கூடிப் பேசி முடிவு செய்வதை வேறெந்தத் துறையிலும் சட்டம் அனுமதிக்காது என்று நீதிபதி பிரெட் கவனா தனியே எழுதினார். பத்தே நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. என்சிஏஏ மீது வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, 2016 முதல் ஆடியவர்களுக்கு இழப்பீடாக 280 கோடி டாலர் தரப்பட வேண்டும். உடன்பாட்டில் சேர்ந்த ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களோடு பகிர்ந்துகொள்ள வழி திறந்தது. 2010-இல் ஆடிய நியூட்டனுக்கு அதில் இடமில்லை. 2005-இல் ஆடிய புஷ்ஷுக்கும் இல்லை. அன்று பேரம் என்று பழிக்கப்பட்டது இன்று ஒப்பந்தம் என்று கையெழுத்தாகிறது. அப்போது விதியை மீறியதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. விதி விதிதான். ஆனால் அநியாயமான விதியை மீறியவனைக் காட்டிலும், அதை வைத்து வாழ்ந்தவர்கள்தான் ஒழுக்கம் பற்றிக் குரல் உயர்த்தினார்கள் என்பதை மறக்கவும் நாங்கள் தயாராக இல்லை.

பணம் என்றால் இவ்வளவு கூர்மையாக இருந்த பார்வை, மற்ற இடங்களில் எப்படி இருந்தது? 1968-இல் இதே விருதை வென்ற ஓ.ஜே. சிம்ப்சன், இரட்டைக் கொலை வழக்கில் 1995-இல் குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டார். 1997-இல் உரிமையியல் நீதிமன்றம் அந்த மரணங்களுக்கு அவரையே பொறுப்பாளியாக்கியது. விருதுப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்படவில்லை. நீக்கியிருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. விருது 1968-ஆம் ஆண்டு ஆட்டத்துக்கானது. அதே அளவுகோல் புஷ்ஷுக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்பதுதான் கேள்வி. சிம்ப்சன் 2024 ஏப்ரல் 10 அன்று இறந்தார். இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 24 அன்று, புஷ்ஷிடம் கோப்பை திருப்பி ஒப்படைக்கப்பட்டது. கல்லூரி விளையாட்டின் சூழல் மாறிவிட்டது என்று அறக்கட்டளை காரணம் சொன்னது. 14 ஆண்டுகள் ஒரு மனிதரின் பெயரை அழித்து வைத்ததற்கு அது போதுமான விளக்கமாக எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னும் கனமானது 2013-ஆம் ஆண்டு நிகழ்வு. அந்த ஆண்டு விருதை வென்றவர் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன். அவருக்கு எதிராக ஒரு மாணவி பாலியல் வன்முறைப் புகார் கொடுத்திருந்தார். புகார் பதிவானது 2012 டிசம்பரில். உலகுக்குத் தெரிய வந்தது 2013 நவம்பரில். டிசம்பர் 5 அன்று, குற்றச்சாட்டைச் சுமத்தப் போதிய சான்று இல்லை என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். ஒன்பது நாளில் விருது வழங்கப்பட்டது. வின்ஸ்டன் புகாரைத் தொடக்கம் முதலே மறுத்தார். பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு விசாரணையிலும், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவர் விதியை மீறியதாக நிறுவப்படவில்லை என்றே முடிவு செய்தார். அவரைக் குற்றவாளி என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை, வாக்காளருக்கும் இருக்கவில்லை. நியூட்டனுக்கு நாங்கள் கேட்ட நியாயம் வின்ஸ்டனுக்கும் உண்டு.

ஆனால் அந்த மாணவிக்கும் ஒரு நியாயம் உண்டு. அது எங்கே போயிற்று? பல்கலைக்கழகம் உள்ள டல்லஹாசி நகரின் போலீசார் சந்தேகத்துக்குரியவரை உரிய காலத்தில் விசாரிக்கவில்லை, மரபணு மாதிரியைக் கேட்டுப் பெறவில்லை. சில வாரங்களில் வழக்கை ஓரங்கட்டினார்கள். புலனாய்வின் குறைகளை அரசு வழக்கறிஞரே வெளிப்படையாகக் குறிப்பிட்டார். விசாரணையின் ஓட்டைகளை விரிவாக ஆராய்ந்த நியூயார்க் டைம்ஸ் கட்டுரை 2014 ஏப்ரலில்தான் வந்தது, விருது வழங்கி நான்கு மாதம் கழித்து. 2016 ஜனவரியில் அந்த மாணவி தொடுத்த வழக்கைத் தீர்க்கப் பல்கலைக்கழகம் 950,000 டாலர் கொடுத்தது. தவறு எதையும் அது ஒப்புக்கொள்ளவில்லை. வின்ஸ்டன் மீதான உரிமையியல் வழக்கும் அந்த ஆண்டு முடிவில் சமரசத்தில் முடிந்தது. ஒழுங்காக விசாரித்திருந்தால், குற்றம் இருந்திருந்தால் அது தெரிந்திருக்கும். இல்லாதிருந்தால் அந்த இளைஞர் மேல் படிந்த கறை துடைக்கப்பட்டிருக்கும். விசாரிக்காமல் விட்டவர்கள் இருவருக்குமே துரோகம் செய்தார்கள்.

இங்கேதான் எங்கள் கண்டனத்தின் மையம் இருக்கிறது. ஹைஸ்மன் விருதின் 900-க்கும் மேற்பட்ட வாக்குகளில் 870 ஊடகத்தாருக்கு ஒதுக்கப்பட்டவை. அவர்கள் பத்திரிகையாளர்கள், எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள். சந்தேகம் வந்தால் பத்திரிகையாளன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆவணம் கேட்க வேண்டும், காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், சம்பந்தப்பட்டவர்களிடம் பேச வேண்டும், கிடைத்ததைத் தன் பெயரோடு எழுத வேண்டும். 2010-இல் ஒரு போதகரின் பணப் பேரத்தைத் தோண்ட வாரக்கணக்கில் நாடே திரண்டது. 2013-இல் ஒரு மாணவியின் புகார் பதினோரு மாதங்கள் காவல் நிலையத்தில் கிடந்தது; கல்லூரிக் கால்பந்தைப் பற்றியே எழுதிப் பிழைக்கும் நூற்றுக்கணக்கானோரில் ஒருவர்கூட அதை வெளிக்கொணரவில்லை. பிறகு வாக்குச்சீட்டில் பெயரை எழுதுவதா விடுவதா என்று மனசாட்சியைப் பற்றிப் பேசினார்கள். மனசாட்சிக்கு வேலை இருந்தது அதற்கு முந்தைய பதினோரு மாதங்களில்.

தான் செய்தி எழுதும் ஒருவருக்குத் தானே விருதும் கொடுப்பது பத்திரிகையாளனுக்குப் பொருந்தாத வேலை. வாக்கு அவனைச் செய்தியின் பங்காளியாக்கிவிடுகிறது. நியூயார்க் டைம்ஸ் தன் செய்தியாளர்களை இத்தகைய விருதுகளுக்கு வாக்களிக்க அனுமதிப்பதில்லை. மற்றப் பத்திரிகைகளும் அதே வழியில் நடக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. விருது அறக்கட்டளை ஊடகத்தார் வாக்கையே தொடர்ந்து நாடுவதாக இருந்தால், ஒவ்வொருவருடைய சீட்டும் பெயரோடு வெளியிடப்பட வேண்டும். ஓர் இளைஞரின் தகுதியை மறுப்பவர் அதற்கான காரணத்தைப் பொதுவில் சொல்லும் துணிவோடு மறுக்கட்டும்.

நோக்க உரையில் உள்ள நேர்மை நிபந்தனைக்கும் அறக்கட்டளை எல்லை வகுக்க வேண்டும். வீரர் தானே செய்த செயல், உரிய அமைப்பு விசாரித்து நிறுவிய செயல், அந்தப் பருவத்துக்கு உட்பட்ட செயல் என்று அது தெளிவாக எழுதப்பட வேண்டும். பெற்றோரின் நடத்தையும் வதந்தியும் அதற்கு வெளியே இருக்க வேண்டும். உடல் ரீதியான வன்முறை பற்றிய புகார் நிலுவையில் இருந்தால், விசாரணை முடியும்வரை விழாவைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் அறக்கட்டளைக்கு வேண்டும். தொலைக்காட்சி நேரலைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பது அதற்குத் தடையாகக் கூடாது.

புஷ்ஷுக்குக் கோப்பை திரும்பியது. ஆனால் 2021-இல் அவர் தன் ஆட்டப் பதிவுகளை மீட்டுத் தரும்படி கேட்டபோது என்சிஏஏ மறுத்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் அந்தக் காலத்து வெற்றிகளையும் அது புத்தகத்திலிருந்து அடித்து வைத்திருந்தது. வீரர்களுக்குக் கோடிக்கணக்கில் இழப்பீடு தரச் சம்மதித்துக் கையெழுத்திட்ட ஒரு சங்கம், அதே வீரர்கள் பணம் பெற்றார்கள் என்பதற்காக அவர்கள் ஓடிய யார்டுகளை ஓடாதவையாகக் காட்டும் உரிமையை இழந்துவிட்டது. புஷ்ஷின் பதிவுகளையும் அவருடைய அணியின் வெற்றிகளையும் அது முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். நியூட்டனிடமும், அவரைப் போல் 2016-க்கு முன் ஆடிப் பல்கலைக்கழகங்களின் கஜானாவை நிரப்பியவர்களிடமும் பட்ட கடனைத் தீர்க்கும்படி எந்த நீதிமன்றமும் என்சிஏஏவைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களுக்கும் ஒரு நிதியைத் தானாக முன்வந்து ஒதுக்க வேண்டியது அந்தச் சங்கத்தின் பொறுப்பு.